உழைக்கும் உடலும் சீராக்கும் பயிற்சியும்

காலை முதல் அந்தி வரை மண்வெட்டி பிடிக்கும் குடியானவருக்குத் தேகப்பயிற்சி எதற்கு என்று கேட்பது நமது கிராமங்களில் வழக்கம். பயிற்சி என்பது நாற்காலியில் அமர்ந்து எழுதும் உத்தியோகஸ்தர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் உரியது. உழைப்பவருக்கு உழைப்பே பயிற்சி என்பது பொதுவாக நிலவும் எண்ணம். இவ்வெண்ணத்தில் பாதி உண்மை உண்டு. உழைப்பு உடலைச் சோம்பலிலிருந்து காக்கிறது, கைகால்களுக்கு உரமூட்டுகிறது. எஞ்சிய பாதியைத்தான் நாம் ஆராய வேண்டும். நாற்பது வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்களும், ஐம்பது வயதில் மலைப்பாதையில் நேராக இறங்க இயலாமல் பக்கவாட்டில் கால் வைத்து இறங்குபவர்களும், உழைக்காததால் அந்நிலையை அடைந்தவர்கள் அல்லர்.

உழைப்பு உடல் முழுவதையும் ஒரே சீராக இயக்குவதில்லை என்பதே இதற்குக் காரணமாகும். ஒவ்வொரு தொழிலும் சில தசைகளை நாள் முழுவதும் ஒரே திசையில் இழுக்கிறது. வேறு சிலவற்றைச் சும்மா விட்டுவிடுகிறது. சில மூட்டுகள் ஒரே கோணத்தில் மடங்கிக் கிடக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல, உடல் அத்தொழிலின் உருவத்தையே தனக்கு உருவமாக்கிக்கொள்கிறது. தொழிலில் விடுபட்டுப்போன தசைக்கு வேலை கொடுப்பதும், இறுகிப்போன மூட்டுக்கு அசைவு கொடுப்பதுமே சீராக்கும் பயிற்சி எனப்படுவது. உழைப்பாளிக்கு இது தேவையில்லை என்பதைவிட, உழைப்பாளிக்கே இது முதலில் தேவை என்று சொல்வது பொருந்தும்.

வைகை பிறக்கும் வருசநாட்டை எடுத்துக்கொள்வோம். தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தில், கடமலைக்குண்டு–மயிலாடும்பாறை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த இம்மலைப் பள்ளத்தாக்கில் இலவ மரமும் தென்னையும் பலருக்கு வாழ்வளிக்கின்றன. கோடையில் இலவங்காய் பறிப்போர் நீண்ட தொரட்டியை ஏந்தி, கழுத்தை வானத்தை நோக்கி மடித்துப் பல மணி நேரம் நிற்கின்றனர். காயை உடைத்துப் பஞ்செடுக்கும் பெண்களோ, தரையில் அமர்ந்து முதுகை வளைத்துத் தலையைக் கவிழ்த்திருக்கின்றனர். ஒரே மரத்தின் காய். ஒருவருக்குக் கழுத்து பின்னால் மடிகிறது, மற்றவருக்கு முன்னால் மடிகிறது. விறகும் தீவனப்புல்லும் சும்மாட்டின்மேல் ஏறிச் சரிவுகளில் இறங்கி வருகின்றன. சற்று மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலின் கீழ்க் கவாத்து செய்வோர் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கியபடியே பொழுதைக் கழிக்கின்றனர். எல்லை கடந்து இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் சென்று திரும்பும் பெண்கள், செடியின் அடித்தூரில் காய்க்கும் ஏலக்காயைக் குனிந்தும் குந்தியும் பறிக்கின்றனர். போதாக்குறைக்கு மலைச் சாலையில் ஜீப்பின் குலுக்கல் வேறு. இவர்கள் எல்லோருக்கும் ஒரே பயிற்சியைச் சொல்லிவிட முடியாது. எந்தப் பயிற்சி எவருக்கு என்பதை அறிய, தசையும் மூட்டும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அது சுருங்கி இழுக்கும். தள்ளுவதற்கு அதனால் இயலாது. நாம் ஒரு வண்டியைக் கையால் தள்ளும்போதும் உள்ளே தசைகள் எலும்பை இழுக்கவே செய்கின்றன. ஆகவே ஒரு மூட்டை மடக்க ஒரு தசை இருந்தால், அதை நீட்ட எதிர்ப்புறத்தில் வேறொரு தசை இருந்தாக வேண்டும். முழங்கையை மடக்குவது புயத்தின் முன்தசை; நீட்டுவது பின்தசை. முழங்காலை நீட்டுவது முன்தொடை, மடக்குவது பின்தொடை. பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பம் நடுவோர் நாற்புறமும் கயிறு கட்டி நிறுத்துவதைக் கண்டிருப்போம். ஒரு கயிறு இறுகி, எதிர்க்கயிறு தளர்ந்தால் கம்பம் சாயும். குற்றம் கம்பத்தில் இல்லை. கூன் விழுந்த தோள், முன்தள்ளிய கழுத்து, ஒருபுறம் சரிந்த இடுப்பு ஆகியவற்றுள் பல இத்தகையனவே. நிமிர்ந்து நில் என்று அதட்டுவதால் அவை நிமிர்வதில்லை. தளர்ந்த கயிறு எது என்று கண்டு அதை முறுக்கேற்ற வேண்டும்.

மூட்டின் கதை வேறு. எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் பசை போன்ற நீரே அதற்கு உணவு. நனைந்த பஞ்சை அழுத்தினால் நீர் வெளியேறி, விட்டால் மீண்டும் ஊறுவதுபோல, மூட்டு அசையும்போதுதான் குருத்தெலும்பு தன் உணவைப் பெறுகிறது. மூட்டு வலிக்கிறது என்று அதை மாதக்கணக்கில் அசைக்காது வைத்திருப்பவர், வலிக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணிக்கொண்டு மூட்டைப் பட்டினி போடுகிறார் எனலாம். தேய்ந்த மூட்டுக்கும் அசைவு வேண்டும். பாரம் மட்டுமே குறைய வேண்டும்.

இறுகிய மூட்டை எந்தத் தசையாலும் இயக்க முடியாது என்பதற்கு நமது மாநிலத்திலேயே சிறந்த சான்று உண்டு. 1946-ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் சீர்செய்தவர். செயலிழந்த தசைக்குப் பதிலாக, நல்ல நிலையிலுள்ள வேறொரு தசையின் நாணை எடுத்து விரலில் பொருத்துவது அம்முறை. ஆனால் கத்தியின் வேலை பாதிதான். இறுகிப்போன விரல் மூட்டுகளை முன்னதாகவே தளர்த்திக்கொள்ள வேண்டும். பின்னர் இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைப் பயிற்சியால் கற்பிக்க வேண்டும். நேற்றுவரை ஒரு வேலை செய்த தசை இன்று மற்றொன்றைக் கற்றுக்கொண்டது. அதே கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டில் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சைகளைச் செய்ததுடன், பிற்காலத்தில் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையையும் உருவாக்கினார். நோயுற்ற தசைக்கே கற்றுக்கொடுக்க முடியுமானால், களைத்துப்போன தசைக்குக் கற்றுக்கொடுப்பது அரிதன்று.

இனி, விவசாயிகளை அதிகம் வாட்டும் முதுகுக்கு வருவோம். முதுகெலும்பு தனித்தனி முள்ளெலும்புகள் அடுக்கிய தூண். அவற்றிடையே இருக்கும் மெத்தை போன்ற இடைத்தட்டைத்தான் நமது ஊர்களில் ஜவ்வு என்கிறோம். வெளியே நார்ப்பின்னலும், நடுவே நீர் செறிந்த கூழும் கொண்டது அது. இரவில் படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்புகிறது; பகலில் பாரத்தால் பிழியப்படுகிறது. காலையில் எழும்போது மனிதர் மாலையில் இருப்பதைவிட ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பது இதனால்தான். உப்பிய ஜவ்வு குனிவதற்கு அதிகம் முரண்டும். பாயிலிருந்து எழுந்தவுடன் குனிந்து சாணம் அள்ளுவதும், மூட்டை புரட்டுவதும் நல்லதல்ல. எழுந்தபின் அரைமணி நேரமேனும் நடமாடிவிட்டுக் குனிவது முதுகுக்குப் பாதுகாப்பு. மாட்டுத்தொழுவத்து வேலையை அவ்வளவு நேரம் தள்ளிப்போட இயலாதெனினும், கறவையை முதலிலும் சாணம் அள்ளுவதைப் பின்னரும் வைத்துக்கொள்வதில் தடையில்லை.

குனிந்து தூக்கும்போது முதுகில் ஏறும் பாரத்தை அறிய வெள்ளிக்கோலை நினைத்துக்கொண்டால் போதும். வெள்ளிக்கோலின் நீண்ட பக்கத்தில் சிறு குண்டு தொங்கினாலும், குட்டையான பக்கத்தில் பெருஞ்சுமையை அது தூக்கி நிறுத்துகிறது. முதுகுத் தசை முள்ளெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. கையிலுள்ள சுமை 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்குமானால், 20 கிலோ சுமைக்கு முதுகுத் தசை 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்த உடலின் சொந்த எடை இக்கணக்கில் சேரவில்லை. அதே சுமையை வயிற்றோடு அணைத்து 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் இழுப்பு பாதியாகிவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1999-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஊல்ம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், தன்னார்வலர் ஒருவரின் ஜவ்வுக்குள் நுண்ணிய அளவுகருவியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து வெளியிட்டனர். அவர் சும்மா நிற்கும்போது இருந்த அழுத்தம், 20 கிலோ சுமையை முதுகை வளைத்துத் தூக்கும்போது நான்கரை மடங்குக்கு மேல் ஏறியது. அதே 20 கிலோவை உடலோடு ஒட்டிப் பிடித்து நின்றபோது இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியது. யூரியா மூட்டை 45 கிலோ என்பதை விவசாய அன்பர்கள் இங்கே நினைவிற்கொள்க.

நீண்ட நேரம் குனிந்திருப்பதில் மற்றொரு சூட்சுமம் இருக்கிறது. நன்றாகக் குனிந்துவிட்டால் முதுகுத் தசைகள் ஏறத்தாழ வேலை செய்வதையே நிறுத்திவிடுகின்றன. உடலின் பாரத்தை அப்போது தாங்குவன எலும்புகளைப் பிணைக்கும் பந்தகங்களும் ஜவ்வின் நார்களுமே. குனிந்தே களை எடுப்பவருக்கு முதுகு உழைப்பதுபோலத் தோன்றினாலும், உண்மையில் அவருடைய முதுகுத் தசை உறங்குகிறது. உறங்கும் தசை உரம் பெறுவதில்லை. நாரோ, நெடுநேரம் இழுத்துக் கட்டிய புதுக்கயிறுபோல மெல்ல மெல்ல நீண்டு தொய்கிறது. தொய்ந்த நார் பழைய அளவுக்குத் திரும்பச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த இடைவேளையில்தான் ஆபத்து. ஒரு மணி நேரம் குனிந்து களையெடுத்தவர், யாரோ கூப்பிட்டார்கள் என்று திடீரென எழுந்து ஒரு மூட்டையைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொள்கிறது. மூட்டைமேல் பழி விழுகிறது. முந்திய ஒரு மணி நேரத்தை யாரும் நினைப்பதில்லை.

இதற்கான முதற்பயிற்சி வயலிலேயே, வேலைக்கு நடுவிலேயே செய்யக்கூடியது. ஒரு பாத்தி முடிந்ததும் எழுந்து நின்று, இரு கைகளையும் இடுப்பின் பின்புறம் ஊன்றி, மெல்லப் பின்னோக்கி வளைந்து மீள வேண்டும். ஐந்தாறு முறை செய்ய ஒரு நிமிடமும் ஆகாது. இம்முறை பரவியதற்குக் காரணமான நிகழ்ச்சி சுவையானது. 1956-ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டில் ராபின் மெக்கன்சி என்னும் இயன்முறைச் சிகிச்சையாளரிடம் வந்த நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்த நிலையில் அவர் சில நிமிடங்கள் கிடந்ததைக் கண்ட சிகிச்சையாளர் பதறினார். நோயாளியோ பல நாட்களாகத் தீராத கால்வலி குறைந்துவிட்டதாகக் கூறினார். அன்றுமுதல் மெக்கன்சி அதை ஆராய்ந்து ஒரு முறையாக வகுத்தார். நமது யோகாசனத்தில் புஜங்காசனம் என்று வழங்குவதும் இத்தகைய பின்வளைவுதான்.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியமாகிறது. பின்னோக்கி வளையும்போது காலிலிருந்த வலி இடுப்பை நோக்கி ஏறிக் குறைந்தால் அது நல்ல அறிகுறி, தொடரலாம். வலியோ மரமரப்போ பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். சற்று தூரம் நடந்தாலே கால் மரத்து, உட்கார்ந்தால் சரியாகும் முதியோருக்கும் பின்வளைவு ஏற்றதன்று. அவர்களுக்கு முன்வளைவே சுகம் தரும். எல்லோருக்கும் ஒரே மருந்து இல்லாததுபோல எல்லோருக்கும் ஒரே பயிற்சியும் இல்லை.

இரண்டாவது, குனியும் முறையையே மாற்றுவது. குனிதல் என்றால் முதுகை வளைப்பது என்று எண்ணுகிறோம். ஆனால் உடலில் குனிவதற்கென அமைந்த பெரிய மூட்டு இடுப்பெலும்பும் தொடையெலும்பும் சேரும் இடமே. அதைச் சுற்றித்தான் உடலின் வலிமைமிக்க பிட்டத் தசைகள் இருக்கின்றன. மண்வெட்டிக் காம்பு ஒன்றை முதுகோடு செங்குத்தாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்க. தலையின் பின்புறம், தோள்பட்டைகளின் நடு, இடுப்பின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் அது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முழங்காலைச் சற்றே தளர்த்தி, பின்னாலுள்ள சுவரைப் பிட்டத்தால் தொடப்போவதுபோல் பின்னுக்குத் தள்ளிக் குனிக. மூன்று இடங்களில் ஒன்று விட்டாலும் முதுகு வளைந்துவிட்டது என்று காம்பே சொல்லிவிடும். நாள்தோறும் பத்து முறை எனச் சில வாரங்கள் பழகினால், காம்பு இல்லாமலே உடல் அவ்வாறு குனியத் தொடங்கும். பிட்டத் தசைக்கு உரமேற்ற, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மட்டும் உயர்த்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது எளிய வழி. பத்து முறை போதும்.

முழங்காலைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மலைநாட்டுக்கு அது முக்கியம். வருசநாட்டு மலைச்சரிவுகளில் ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்கு அதிகச் சோதனை. கிணற்றில் நிறைகுடத்தை மெல்ல இறக்குபவர் கயிற்றைப் பிடித்துப் பிடித்து விடுவதுபோல, இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. படியிறங்கும்போது முழங்கால் மூட்டில் உடலெடையின் மூன்று மடங்குக்கும் மேலான பாரம் விழுகிறது. தலைச்சுமையும் சேர்ந்தால் அது இன்னும் உயரும். முன்தொடை தளர்ந்தவரிடம் கயிறு கைநழுவியதுபோல் பாரம் முழுதும் மூட்டில் மோதுகிறது. மூட்டுத் தேய்மானம் என்று சொல்லப்பட்டவர்களுக்கும் இன்றைய மருத்துவம் முதலில் விதிப்பது முன்தொடைப் பயிற்சியையே. திண்ணையில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கலாம். அது எளிதானபின், கையை ஊன்றாமல் திண்ணையிலிருந்து எழுந்து, விழாமல் மிக மெதுவாக உட்காரலாம். எழுவதைவிட, மெதுவாக உட்காருவதில்தான் மலையிறங்கும் பயிற்சி அடங்கியிருக்கிறது.

பந்தல் வேலை செய்வோருக்கும் தொரட்டி பிடிப்போருக்கும் தோள்மூட்டில் தொல்லை. கையைத் தலைக்குமேல் நெடுநேரம் தூக்கினால், தோளின் மேற்கூரைக்கும் புயத்தெலும்புக்கும் இடையே செல்லும் தசைநாண் நெருக்குண்டு நாளடைவில் நைகிறது. இவர்கள் அவ்வப்போது கையை இறக்கித் தொங்கவிடுவதும், தோள்பட்டைகள் இரண்டையும் பின்னால் ஒன்றையொன்று நெருங்கச் செய்து ஐந்து எண்ணி விடுவதும் பயன் தரும். உயரம் குறைந்தவர்கள் அகன்ற உறுதியான பலகைமேல் நின்று கவாத்து செய்தால் கை அவ்வளவு உயர வேண்டியதில்லை. பஞ்செடுக்கும் பெண்களுக்குத் தரையிலிருந்து சாணளவு உயர்ந்த மணையும், சாய்ந்துகொள்ளச் சுவரும் இருந்தாலே கழுத்துவலியில் பெரும்பகுதி குறைய வழியுண்டு.

பயிற்சியைப் பற்றி நிலவும் சில தவறான எண்ணங்களையும் நீக்கிக்கொள்வது நல்லது. இடுப்புப் பிடிப்புக்குப் பலநாள் படுக்கை ஓய்வே மருந்து என்று முன்பு மருத்துவர்களே கூறிவந்தனர். இன்று அவ்வாறு கூறுவதில்லை. தாங்கக்கூடிய அளவு நடமாட்டமே விரைவில் குணமளிக்கிறது. ஜவ்வு விலகிவிட்டது என்று கேட்டவுடன் வாழ்வே முடிந்துவிட்டதாகக் கலங்க வேண்டியதில்லை. பிதுங்கிய ஜவ்வு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் நாட்பட்ட இடுப்புவலிக்கென வெளியிட்ட வழிகாட்டி, முறையான பயிற்சியைப் பரிந்துரைப்பதோடு, இடுப்புப் பட்டையையும் எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும் கூறுகிறது. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்புவலி இருந்ததாகவும் அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எனவே இது வருசநாட்டுக்கு மட்டும் வந்த விதியன்று. மேலும், குறிப்பிட்ட ஒரு பயிற்சியே உயர்ந்தது என்று எவரும் நிலைநாட்டவில்லை. எதை எடுத்தாலும் விடாது செய்வதே பயன் தருகிறது. எந்நேரமும் கம்புபோல் விறைத்து நிற்பதும் சரியான நிலையன்று. எவ்வளவு நல்ல நிலையாயினும் அதிலேயே நெடுநேரம் இருப்பது உடலுக்கு ஒவ்வாது.

பயிற்சி தொடக்கூடாத நோய்களும் உண்டு. மரத்திலிருந்து விழுந்தபின் வந்த முதுகுவலி, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமை, தொடைகளின் உட்புறத்திலும் மறைவிடத்திலும் உணர்வின்மை, பாதம் தொய்ந்து தரையில் இழுபடுதல், காய்ச்சலோடும் உடல் மெலிவோடும் இரவில் அதிகமாகும் வலி ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் எண்ணெய் தேய்ப்பதிலும் பயிற்சியிலும் நாளைக் கடத்தலாகாது. காசநோய் முதுகெலும்பையும் தாக்கும் என்பதை நமது நாட்டில் மறக்கக்கூடாது. உடனடியாக க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சிறுநீர் கட்டுப்படாத நிலையில் ஒரு நாள் தாமதமும் கால்களை நிரந்தரமாக முடக்கிவிடலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியவை இரண்டு வகை. முதலாவது, நடக்க இயலாதவர்களைக் கண்டறிவது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் வழி செய்யப்பட்டுள்ளது. பக்கவாதத்தால் ஒருபுறம் விழுந்தவர், எலும்பு முறிந்து படுத்தவர் ஆகியோருக்கு முதற்சில மாதங்கள் விலைமதிப்பற்றவை. மூட்டு இறுகிய பிறகு தசையை எழுப்புவது கடினம் என்பதை வேலூரின் அனுபவத்தில் கண்டோம். மலையடிவாரத்துச் சிற்றூர்களில் இத்தகையோர் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரியாமலே போகக்கூடும். அந்தந்த வார்டு உறுப்பினர் தெரிவித்தால் தெரியும்.

இரண்டாவது, கருவியையும் களத்தையும் திருத்துவது. உடலைக் கருவிக்கேற்ப வளைத்துவிட்டு, பின்னர் பயிற்சியால் நிமிர்த்த முயல்வது ஒற்றைக் கையால் நீர் இறைத்துக்கொண்டு மற்றொரு கையால் கொட்டுவதாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு காலத்தில் முழநீளமும் எட்டாத குட்டைக் காம்புக் களைக்கொத்தியே கொடுக்கப்பட்டது. நாள் முழுதும் இரண்டாக மடிந்து வேலை செய்ததால் தொழிலாளர்களின் முதுகு சீர்கெட்டது. மருத்துவர்கள் சாட்சி கூறினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1975-ஆம் ஆண்டில் அக்கருவி தடை செய்யப்பட்டது. விளைச்சலுக்கு நீண்ட காம்பு உதவாது என்று வாதாடிய தோட்ட முதலாளிகள், பின்னர் நீண்ட காம்போடுதான் பயிர் செய்தனர். நமது களைக்கொத்தியின் காம்பும் பெரும்பாலும் குட்டையே. நின்று தள்ளும் களையெடுக்கும் கருவிகள் நமது வேளாண்மைத் துறையினருக்குத் தெரியாதவை அல்ல. கருவியை வாங்கும்போது அதைப் பிடிக்கப்போகும் பெண்களைக் கேட்டு வாங்கும் வழக்கம்தான் இன்னும் ஏற்படவில்லை. காம்பின் நீளம் அவரவர் உயரத்திற்கேற்ப இருக்க வேண்டும். கண்மாய், வாய்க்கால் வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போதும், மண் சுமக்கும் தட்டைத் தரையிலிருந்து தூக்குவதற்குப் பதிலாக இடுப்பளவு மேட்டில் வைத்து நிரப்பச் செய்யலாம்.

சுமையைப் பற்றி நமது முன்னோர் அறியாதிருந்தார்கள் என்று கருத இடமில்லை. தமிழ்நாட்டின் பழைய பாதைகளில் இரு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்திய சுமைதாங்கிகளை இன்றும் காணலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுத்துவது வழக்கமாக இருந்தது. ஏறத்தாழத் தோளளவு உயரத்தில் அமைந்த அக்கல்லின்மேல், தலைச்சுமையோடு வருபவர் குனியாமலும் பிறர் கை உதவியின்றியும் சுமையைச் சாய்த்து இறக்கலாம். இளைப்பாறியபின் அவ்வாறே தலையில் ஏற்றிக்கொள்ளலாம். ஜவ்வுக்கு மிகுந்த அழுத்தம் நேரும் இரண்டு தருணங்களான தரையிலிருந்து தூக்குவதும் தரையில் இறக்குவதும் இதனால் இல்லாமற்போகின்றன. வண்டியும் லாரியும் ஓடும் பெருஞ்சாலைகளில் அவற்றுக்கு இன்று வேலையில்லை. விறகும் புல்லும் இலவங்காயும் இன்னும் தலையில் இறங்கிவரும் ஒற்றையடிப் பாதைகளில் வேலை இருக்கிறது. பாதை மலையடியைத் தொடும் இடத்தில் ஒன்று, ஊர் எல்லையில் ஒன்று, குடிநீர்க் குழாயருகே குடம் வைக்க இடுப்பளவு மேடை ஒன்று என்று ஊராட்சி மன்றக் கூட்டத்தில் இடம் குறித்துத் தீர்மானம் எழுதும்போது, உயரத்தைப் பொறியாளரிடம் விடாமல், அப்பாதையில் நாள்தோறும் சுமந்து வரும் பெண்கள் நால்வரை நிற்கச் செய்து அளந்துகொள்வது முறையாகும்.